கிளவுட் ஃபாரஸ்ட், ஃபிளவர் டோம்: சிங்கப்பூரின் கண்ணாடிக் கூடங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வரும் உறவினர்களைக் கார்டன்ஸ் பை தி பே எனப்படும் கரையோரப் பூந்தோட்டங்களுக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. பல வருடங்களாகப் போகிறேன். ஒவ்வொரு முறையும் தடுமாற்றம் அதே இடங்களில்தான் வருகிறது. கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்ததும் அங்கிருக்கும் அருவிக்கு முன்னால் அரை மணி நேரம் படம் எடுத்து, நனைந்து, குளிரில் நடுங்கி, மீதியை ஓட்டமாகக் கடந்து, "ஏசி போட்ட தோட்டம், நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறார்கள். இத்தனை செலவு செய்து வந்தவர்கள் பார்க்காமலே திரும்புகிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் மனம் கேட்காது.

சிக்கல் பெரும்பாலும் வரிசையில்தான் இருக்கிறது. எதற்குப் பின் எது, எந்த மணிக்கு எங்கே என்பது சரியாக அமைந்தால், செடிகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட நிறையப் பார்த்துவிட்டு வருவார். இரண்டு கூடங்களுக்கும் சேர்த்து நான்கரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குக் குறைவாகத்தான் நேரம் இருக்கிறதென்றால் ஒரே ஒரு கூடத்தை எடுத்துக்கொண்டு அதை முழுதாகப் பாருங்கள்.

1. முதலில் எது இலவசம், எது கட்டணம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோட்டத்தின் வெளிப்பகுதி முழுவதும் இலவசம். ஏரி, பாலங்கள், சூப்பர்ட்ரீ எனப்படும் செயற்கை மரங்களின் தோப்பு, இரவில் அங்கே நடக்கும் ஒளியும் இசையும் கலந்த காட்சி, எதற்கும் சீட்டு வேண்டாம். சீட்டு வேண்டியது கண்ணாடிக் கூடங்களுக்கும், சூப்பர்ட்ரீக்களுக்கு நடுவே தரையிலிருந்து 22 மீட்டர் உயரத்தில் தொங்கும் ஓசிபிசி ஸ்கைவே என்ற நடைபாலம் போன்ற சிலவற்றுக்கும்தான்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. சூப்பர்ட்ரீக்களின் படத்தைப் பார்த்துவிட்டு அதற்கென்று நினைத்துக் கூடங்களுக்கான சீட்டை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, வெளியே சுற்றிவிட்டு "பூந்தோட்டம் பார்த்தாச்சு" என்று கூடங்களுக்குள் போகாமலே திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வழிகாட்டி கூடங்களைப் பற்றியது.

கூடங்களில் பெரியவை இரண்டு. ஃபிளவர் டோம் குளிர்ந்து உலர்ந்த இடம். கிளவுட் ஃபாரஸ்ட் குளிர்ந்து ஈரமான இடம். இரண்டும் அருகருகே நிற்கின்றன. ஃப்ளோரல் ஃபேன்டஸி என்று சிறிய கூடம் ஒன்றும் 2019-இல் வந்தது. அதற்குச் சீட்டு தனி. முதல்முறை வருகிறவர் அதை விட்டுவிடலாம்.

2. நாளைக் குறிக்கும் முன் பராமரிப்பு நாட்களைப் பாருங்கள்

கூடங்கள் காலை 9 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகின்றன. ஆனால் பராமரிப்புக்காகச் சில நாட்களில் ஒரு கூடம் மூடியிருக்கும், மற்றது திறந்திருக்கும். தோட்டத்தின் இணையப்பக்கத்தில் தேதிகள் முன்கூட்டியே வந்துவிடும். விமானச் சீட்டு எடுத்த அன்றே இதையும் பார்த்து வையுங்கள். வாசல்வரை வந்து மூடிய கதவைப் பார்த்துவிட்டு நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் அவர்களுக்கு விமானம்.

அடுத்தது கூட்டம். சனி, ஞாயிறு வேண்டாம். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை ஜூன் மாதத்திலும், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முழுவதும் வரும். அப்போது வார நாட்களிலும் மின்தூக்கிக்கு வரிசை நிற்கும். வேறு வழியில்லை என்றால் காலை 9 மணிக்கே வாசலில் இருங்கள்.

மழைக்காலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வெளியே கொட்டும்போது கூடத்துக்குள் இருப்பது நல்ல முடிவுதான். கண்ணாடிக் கூரைமேல் மழை வழிவதை அடியில் நின்று பார்ப்பது எனக்குப் பிடித்த காட்சிகளில் ஒன்று.

3. சீட்டு வாங்கும்போது பெயரைக் கவனமாகப் படியுங்கள்

விலை அடிக்கடி மாறும். உள்ளே சிறப்புக் கண்காட்சி நடந்தால் அதற்கேற்பவும் மாறும். அதனால் இங்கே தொகை எதுவும் எழுதவில்லை. மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள்.

சீட்டில் இரண்டு கூடங்களின் பெயரும் இருக்கிறதா? ஒரு கூடத்துக்கு மட்டுமான சீட்டும் விற்பனையில் உண்டு. இணையத்தில் மலிவாகத் தெரிவது பல நேரம் அதுதான்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் குறைவு, ஆனால் அடையாள அட்டை காட்ட வேண்டும். உள்ளூர் உறவினர் தன் கணக்கில் எல்லாருக்கும் சேர்த்து உள்ளூர்ச் சீட்டு எடுத்துவிட்டு வாசலில் சங்கடப்படுவது அடிக்கடி நடக்கிறது. வருகிறவர்களுக்கு வெளிநாட்டவர் சீட்டுத்தான்.

ஒவ்வொரு கூடத்துக்குள்ளும் ஒரே முறைதான் நுழைவு என்று எண்ணியே திட்டமிடுங்கள். கழிவறைக்கோ சாப்பாட்டுக்கோ வெளியே வந்து திரும்பப் போகலாம் என்ற நினைப்பு வேண்டாம். இரண்டையும் முடித்துக்கொண்டு நுழையுங்கள்.

4. பையில் வைக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு சால்வை அல்லது முழுக்கைச் சட்டை. வெளியே 31, 32 பாகை வெயிலில் வியர்த்துப்போய் வருவீர்கள். உள்ளே 23 முதல் 25 பாகை. அந்த எண்ணைப் படிக்கும்போது "இதென்ன குளிரா?" என்று தோன்றும். ஆனால் வியர்வையில் நனைந்த துணியோடு ஈரக்காற்றில் இரண்டு மணி நேரம் நிற்பது வேறு. எங்கள் சித்தி பட்டுச்சேலையில் வந்து பாதி வழியிலேயே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து என் பையில் ஒரு சால்வை கூடுதலாக இருக்கும்.

குளிர் தரையிலிருந்து வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தரைக்கடியில் ஓடும் குளிர்நீர்க் குழாய்கள் மனிதர்கள் நடமாடும் உயரத்தை மட்டும் குளிர வைக்கின்றன. சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும். கூடம் முழுவதையும் குளிரூட்டாமல் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது. நம் வசதிக்கு இதன் பொருள், தள்ளுவண்டியில் தாழ்வாகப் படுத்திருக்கும் குழந்தைக்கு உங்களுக்கு முன்பே குளிரும். உங்களுக்கு இதமாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்.

காலுக்கு வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்போ காலணியோ. கிளவுட் ஃபாரஸ்ட்டில் தரை ஈரமாக இருக்கும். உயர்ந்த குதிகால் அறவே வேண்டாம்.

கண்ணாடி துடைக்கும் மென்துணி, கைபேசிக்கு ஒரு நெகிழிப்பை, தண்ணீர்ப் புட்டி. இவ்வளவு போதும். உள்ளே சாப்பிடக்கூடாது என்பதால் பொட்டலங்கள் தேவையில்லை. பயணப் பெட்டிகளை விடுதியிலேயே விட்டு வாருங்கள்.

5. வந்து சேரும் வழி

பேஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி பி வாயிலைப் பிடியுங்கள். நிலத்தடி நடைபாதை ஏரிக்கரையில் கொண்டுபோய் விடும். தும்பிப் பாலத்தைக் கடந்தால் தோட்டம். வேறு வாயிலில் ஏறினால் மரினா பே சாண்ட்ஸ் கடைத்தொகுதிக்குள் போய்விடுவீர்கள். அங்கிருந்தும் வழி உண்டு, ஆனால் முதல்முறை வருகிறவருக்கு இருபது நிமிடம் அதிலேயே போய்விடும்.

2022 நவம்பரில் தோட்டத்தின் பெயரிலேயே தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் இன்னொரு நிலையம் திறந்தது. நீங்கள் தங்கியிருப்பது அந்தப் பாதையில் என்றால் அதுவே நல்லது. லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் தங்குகிறவர்களுக்கு லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து டவுன்டவுன் பாதையில் ஏறினால் மாறாமல் பேஃபிரண்ட் வந்துவிடலாம். தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் தேக்கா பக்கம் தங்குவதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

எந்த நிலையத்தில் இறங்கினாலும் கூடங்களுக்குப் பத்து, பதினைந்து நிமிட நடை. வயதானவர்கள் வந்தால் அந்த நடையைச் செலவழிக்க விடாதீர்கள். உள்ளே நடக்க அந்தச் சக்தி வேண்டும். ஏரிப்பக்கத்திலிருந்து சிறு கட்டணத்துக்கு ஊர்தி ஓடுகிறது. இல்லாவிட்டால் வாடகைக்காரில் நேரே கூடங்களின் அருகே இறங்கிக்கொள்ளுங்கள்.

6. எந்தக் கூடம் முதலில்?

பெரியவர்கள் மட்டும் அல்லது வளர்ந்த பிள்ளைகளோடு வந்தால் பிற்பகல் 2:30 மணிக்கு வந்து, ஃபிளவர் டோமை முதலிலும் கிளவுட் ஃபாரஸ்ட்டை அடுத்தும் பாருங்கள். காரணங்கள் இவை.

பூக்களின் நிறத்துக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். மாலை ஆறரைக்குப் பிறகு ஃபிளவர் டோமில் நிறங்கள் மங்கிவிடும். கிளவுட் ஃபாரஸ்ட் அப்படியல்ல. மங்கும் வெளிச்சத்தில் அந்த மலை இன்னும் ஆழமாகத் தெரியும். சிங்கப்பூரில் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஏழு மணி வாக்கில்தான் பொழுது சாயும், அதனால் இந்தக் கணக்கு எந்த மாதத்திலும் பொருந்தும்.

இரண்டாவது காரணம், கிளவுட் ஃபாரஸ்ட்டில் நனைவீர்கள். நனைந்த உடையோடு அடுத்த கூடத்துக்குப் போகக் கூடாது. நனையும் வேலையைக் கடைசியில் வையுங்கள்.

கைக்குழந்தையோ, மாலையில் சீக்கிரம் சோர்ந்துவிடும் பெரியவரோ கூட இருந்தால் காலை 9 மணிக்கு வந்து வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். திறந்தவுடன் கிளவுட் ஃபாரஸ்ட்டில் ஆள் குறைவு, மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டாம். அப்போது மாற்றுச்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

7. ஃபிளவர் டோம்: நடுவே இறங்காமல் விளிம்பைச் சுற்றுங்கள்

நுழைந்ததும் மேல்தளத்தில் நிற்பீர்கள். கீழே பள்ளத்தில் வண்ணவண்ணமாக ஒரு திடல் தெரியும். பருவத்துக்குப் பருவம் மாறும் மலர்க்காட்சி அங்கேதான். ஒரு சமயம் டூலிப், ஒரு சமயம் செர்ரி, சீனப் புத்தாண்டுக்கு டாலியா. எல்லாரும் நேரே அங்கே இறங்கிவிடுவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். அங்கே இறங்கினால் ஒரு மணி நேரம் படம் எடுப்பதில் கரையும், பிறகு மேலேறிச் சுற்ற மனம் வராது. விளிம்பைச் சுற்றி முடித்துக் கடைசியில் திடலுக்கு வாருங்கள்.

சுற்றும் முன் ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். 3,332 கண்ணாடிப் பலகைகள் சேர்ந்த கூரை 38 மீட்டர் உயரம்வரை போகிறது. உலகிலேயே பெரிய கண்ணாடிப் பசுமைக்கூடம் என்று கின்னஸ் 2015-இல் பதிவு செய்தது இதைத்தான். உள்ளே தாங்குதூண் ஒன்றுகூடக் குறுக்கே வராது.

இங்கே இருக்கும் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் குழப்பம் வரும். கலிபோர்னியா, தென்னமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, மத்தியதரைக் கடல் நாடுகள் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்கள். ஆனால் தொடர்பு இருக்கிறது. கலிபோர்னியா, சிலியின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவின் முனை, ஆஸ்திரேலியாவின் தெற்கும் தென்மேற்கும், மத்தியதரைக் கடற்கரை என்ற இந்த ஐந்து இடங்களிலும் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டு கிடக்கும். நமக்கு நேர் எதிர்ப் பழக்கம். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒவ்வொரு தோட்டத்திலும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீரே இல்லாத கோடையை இந்தச் செடி எப்படிச் சமாளிக்கிறது?

ஆலிவ் மரத்தடியில் குனிந்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிறிய, தடித்த இலை, அடியில் வெள்ளிச் சாம்பல் நிறம். நீர் ஆவியாவதைக் குறைக்கும் வேலை அது. தென்னாப்பிரிக்கப் பகுதியில் புரோட்டியாவின் இலை தோல்போல் தடித்திருக்கும். சதைச்செடித் தோட்டத்தில் தண்டே தண்ணீர்த் தொட்டி. எதையும் தொட வேண்டாம். குனிந்தாலே எல்லாம் தெரியும்.

பாவோபாப் மரங்களின் முன்னால் நம்மவர்கள் நிற்காமல் போவதுதான் எனக்கு வருத்தம். இது நமக்குத் தெரிந்த மரம். மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கிறதே, பெருக்கமரம், அதே இனம். தமிழ்நாட்டிலும் ஆனைப்புளி என்ற பெயரில் ஆங்காங்கே உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பருத்த அடிமரம் முழுக்கப் பஞ்சுபோல நீரைப் பிடித்து வைக்கும். மன்னாரிலிருந்து வந்த ஒரு பெரியவரை இங்கே அழைத்து வந்தேன். அவர் வேலியோரம் நின்று தன் ஊர்மரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கூட வந்த பேரப்பிள்ளைகள் அன்று முழுவதும் நினைவு வைத்திருந்தது அந்த மரத்தைத்தான்.

விளிம்புக்கு ஒரு மணி நேரம், திடலுக்கு அரை மணி நேரம். பிறகு வெளியே வந்து உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுக் கழிவறையும் முடித்துக்கொள்ளுங்கள்.

8. கிளவுட் ஃபாரஸ்ட்: அருவியைக் கடந்து நேரே மின்தூக்கிக்கு

கதவு திறந்ததும் முகத்தில் சாரல் அடிக்கும். 35 மீட்டர் அருவி கண்முன்னே விழுந்துகொண்டிருக்கும். எல்லாருடைய காலும் அங்கே நின்றுவிடும்.

ஒரு படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். அருவி எங்கும் போகாது. மேலே நடைபாதைகளிலிருந்து வேறுவேறு உயரத்தில் மறுபடி மறுபடி கண்ணில் படும். அடிவாரத்திலேயே நின்றால் மூன்று விஷயம் நடக்கும்: உடை நனையும், கண்ணாடியிலும் கைபேசியிலும் நீர் படியும், பின்னால் வரும் கூட்டம் உங்களுக்கு முன்னால் மின்தூக்கி வரிசையில் போய் நிற்கும்.

மின்தூக்கியில் மேல்தளம்வரை போய், நடந்து கீழே இறங்குவதுதான் முறை. இந்த இடம் அமைக்கப்பட்டிருப்பதே அப்படி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2000 மீட்டர்வரை உள்ள வெப்பமண்டல மலைக்காடுகளின் செடிகள் இங்கே இருக்கின்றன. கொடைக்கானலும் நுவரெலியாவும் ஏறக்குறைய அந்த உயரம்தான். அங்கே போய் வந்தவர்களுக்குப் பாசி படர்ந்த கிளை, ஈரமண் வாசனை, காதோரம் குளிர்காற்று எல்லாம் உடனே பிடிபடும். கீழிருந்து ஏற முயன்றால் கூட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டியிருக்கும், விளக்கப் பலகைகளும் தலைகீழ் வரிசையில் வரும்.

உச்சியில் 'லாஸ்ட் வேர்ல்ட்'. இங்கே பதினைந்து நிமிடமாவது இருங்கள். பூச்சியுண்ணும் செடிகளைத் தேடுங்கள். குடுவைச்செடியின் தொங்கும் குடுவையைப் பூ என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அது இலையின் நுனி. இலை நடுநரம்பு நீண்டு, முனையில் குடுவையாகி, உள்ளே நீர் வைத்திருக்கிறது. வழுக்கி விழும் பூச்சியிலிருந்து தனக்குத் தேவையான தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மழையில் சத்தெல்லாம் கரைந்துபோன மலைமண்ணில் வேறு வழியில்லை. பிளாஸ்டிக் கட்டைகளால் செய்த பெரிய மாதிரி ஒன்று பக்கத்தில் நிற்கும். பிள்ளைகள் அதைத்தான் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைக் கையைப் பிடித்து அசல் செடியிடம் கூட்டிவாருங்கள்.

அடுத்து 'கிளவுட் வாக்'. மலையின் உடலிலிருந்து வெளியே நீண்டு, காற்றில் வளைந்து போகும் நடைபாதை. உயரம் கண்டு பயப்படுகிறவர்கள் இங்கே தெரிந்துவிடுவார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள், "ஒண்ணுமில்லை வா" என்று இழுக்காதீர்கள். மின்தூக்கியில் கீழ்த்தளத்துக்கு இறங்கி அங்கே காத்திருக்கச் சொல்லுங்கள். சேரும் இடத்தை மேலேயே பேசி முடிவு செய்துவிடுவது முக்கியம்.

பயமில்லாதவர்கள் இந்தப் பாதையில் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடிக்கு வெளியே மரினா நீர்த்தேக்கமும் நகரமும். மறுபக்கம் மலைச்சுவர், அதில் மண்ணே இல்லாமல் தொற்றி வாழும் செடிகள். இந்தச் சுவரைப் படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தூரத்தில் வெறும் பச்சை. அருகில் போய் ஒரு முழம் அகலத்துக்கு மட்டும் கண்ணை நிறுத்துங்கள். இலை நடுநரம்பின் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் கோணலாக இருந்தால் அநேகமாக அது பிகோனியா. இலைகள் வட்டமாக அடுக்கி நடுவில் நீர் தேங்கிய கிண்ணம் இருந்தால் பிரொமிலியட், அன்னாசியின் உறவு. இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் பெரணி, அந்தப் புள்ளிகளில்தான் அதன் வித்துத்தூள். சுவரில் நகத்தளவு ஆர்க்கிட் பூக்களும் இருக்கும். இந்த நாலையும் தெரிந்துகொண்டால் சுவரின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

அதற்குக் கீழே பளிங்குக்கற்களும் சுண்ணாம்புக் கூம்புகளும் வைத்த குகைபோன்ற பகுதி. வேகமாகக் கடக்கலாம். பிறகு 'ட்ரீ டாப் வாக்', மரவுச்சிகளின் மட்டத்தில் போகும் இன்னொரு நடைபாதை. இங்கிருந்து மரப்பெரணிகளை மேலிருந்து பார்க்கலாம். நடுவில் சுருண்டு நிற்கும் இளங்குருத்தைத் தேடுங்கள்.

இறங்கியபின் வரும் திரையரங்கை யாரும் தவிர்க்காதீர்கள். இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் பூமி 5 பாகை சூடானால் என்ன ஆகும் என்று சிறு படம் ஓடுகிறது. மேலே பார்த்த காடுகள்தான் முதலில் போகக்கூடியவை. மலைச்செடிகள் சூட்டிலிருந்து தப்ப மேலே மேலே ஏறும், உச்சிக்குமேல் ஏற இடமில்லை. செடிகளைப் பார்த்த பிறகு இதைப் பார்த்தால்தான் மனதில் தைக்கும். மேலிருந்து கீழ் என்ற வரிசைக்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியில் 'சீக்ரெட் கார்டன்'. பெயருக்கேற்றபடி ஒளிந்திருக்கும். களைத்துப்போனவர்கள் வெளிவாயிலைத் தேடி இதன் ஓரமாகவே போய்விடுவார்கள். நிழல், ஈரம், மெல்லிய நீரொலி, சின்னச்சின்னச் செடிகள். இருபது நிமிடம் இதற்கென்று மிச்சம் வையுங்கள்.

9. மூடுபனி நேரத்தைப் பிடிப்பது

கிளவுட் ஃபாரஸ்ட்டில் குறித்த நேரங்களில் மூடுபனியைத் தெளிப்பார்கள். நான் போகும் நாட்களில் காலை 10 மணி தொடங்கி இரண்டு மணிக்கொரு முறை நடக்கிறது. நுழையும்போது வாசல் பணியாளரிடம் அன்றைய நேரத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் தவறு நடக்கிறது. பெரும்பாலோர் அடிவாரத்தில் நிற்பார்கள். அங்கே நின்றால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. நடைபாதையில், மலை கண்ணெதிரே இருக்கும்படி நில்லுங்கள். பனி மலையைச் சுற்றி நிரம்பி, மெல்லக் கலைந்து, செடிகள் ஒவ்வொன்றாக வெளிப்படுவதைப் பார்க்கலாம். 6 மணித் தெளிப்பு என்றால் 5 மணிக்கு நுழைந்து, லாஸ்ட் வேர்ல்டை முடித்து, 5:50-க்கு கிளவுட் வாக்கில் இருந்தால் சரியாக இருக்கும்.

இது வேடிக்கைக்காக மட்டும் செய்வதல்ல. மேகம் உரசும் மலைகளில் தொற்றுச்செடிகளுக்கு வேர் வழியாக நிலத்துநீர் கிடையாது. இலைமேல் படியும் ஈரமே அவற்றின் குடிநீர். தெளிப்பு முடிந்ததும் கிளைகளில் தொங்கும் டிலாண்ட்சியா என்ற சாம்பல்நிறத் தொற்றுச்செடிகளைப் பாருங்கள். நனைந்ததும் பச்சை கூடியிருக்கும்.

10. படம் எடுக்கிறவர்களுக்கு

மூக்குக்கண்ணாடியும் கேமரா வில்லையும் உள்ளே போகும்போது மங்காது, வெளியே வரும்போதுதான் மங்கும். குளிர்ந்த கண்ணாடிமேல் வெளியிலிருக்கும் சூடான ஈரக்காற்று பட்டு நீராகப் படிவதால் அப்படி. வாசலைத் தாண்டியதும் படம் எடுக்க அவசரப்பட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள், மறுபடி மறுபடி படியும். பையை மூடியே வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள், தானே சரியாகிவிடும்.

அருவியைக் கைபேசியில் எடுக்கும்போது பின்னாலிருக்கும் கண்ணாடிக் கூரையின் வெளிச்சம் ஆட்களின் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். அருவிக்கு முதுகைக் காட்டி நிற்காமல் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள்.

11. முதியவர்கள், சக்கர நாற்காலி, குழந்தைகள்

இரண்டு கூடங்களிலும் மின்தூக்கி உண்டு. முழங்கால்வலி உள்ளவர்களையும் தயங்காமல் அழைத்து வரலாம். ஃபிளவர் டோமில் மேல்தளத்தில் மட்டும் நடந்து, திடலை மேலிருந்தே பார்த்தாலும் நிறைவாக இருக்கும்.

என் அனுபவத்தில் பெரியவர்கள் "கால் வலிக்குது" என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் செலவு செய்து கூட்டிவந்தீர்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே "கொஞ்சம் உட்காரலாம்பா" என்று உட்காருங்கள். உட்கார்ந்து பார்க்கும்போதுதான் செடிகளும் கண்ணில் படுகின்றன.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு தேடலைக் கொடுங்கள்: ஐந்து குடுவைச்செடி கண்டுபிடி, மூன்று சுருண்ட பெரணிக்குருத்து கண்டுபிடி. பலகைகளைப் படித்துக் காட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

12. வெளியே வந்த பிறகு

ஏழு, ஏழேகாலுக்கு வெளியே வந்தால் 7:45-க்கு சூப்பர்ட்ரீ தோப்பில் ஒளிக்காட்சி. அடுத்தது 8:45-க்கு. கழுத்து வலிக்காமல் பார்க்கத் தரையில் படுத்துவிடுவதே நல்லது. அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், உங்கள் சால்வையை விரித்துக்கொள்ளுங்கள்.

படுத்திருக்கும்போது வீட்டாருக்கு இதைச் சொல்லுங்கள். இவ்வளவு நேரம் உள்ளே இருந்த குளிருக்கும் இந்த மரங்களுக்கும் தொடர்பு உண்டு. பூங்காக்களில் வெட்டிய கிளைகளையும் தழைகளையும் கொதிகலனில் எரித்து, அந்த வெப்பத்தைக் கொண்டு கூடங்களின் காற்றிலிருந்து ஈரத்தை நீக்கிக் குளிர வைக்கிறார்கள். சூப்பர்ட்ரீக்களில் சிலவற்றின் உள்ளே அந்தப் புகையும் வெப்பக்காற்றும் வெளியேறும் போக்கிகள் இருக்கின்றன.

பசித்தால் தோட்டத்தின் மறுகோடியில் 'சாட்டே பை தி பே' உணவங்காடி இருக்கிறது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் அங்கே தேடி அலையாமல் நேரே தேக்காவுக்குப் போய்விடுங்கள். 7:45 காட்சி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் பேஃபிரண்ட் பக்கம் திரும்பும். கால்மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து, பாலத்தில் நெரிசல் குறைந்தபின் கிளம்புங்கள்.